அப்பா பெயரில் ஆடியவர்கள்

ஜனவரி 7, செவ்வாய்

வக்கீல் சுகந்தி மேடம் இன்று சொன்ன முதல் அறிவுரை: "கேஸ் முடியுற வரைக்கும் எதையும் எழுதி வைக்காதீங்க தயாளன். எழுதினதாலதான் இங்க நிக்கிறீங்க."

வரும் வழியில் பெரம்பூரில் இறங்கி இந்த நோட்டை வாங்கினேன். கோடு போட்டது.

எழும்பூர் நீதிமன்றம், இரண்டாவது மாடி. எதிரியின் பெயர் தயாளன், வயது முப்பத்து நான்கு, நியூ ஸ்டார் கால்பந்து அணியின் மேலாளர். நான்கு ஆண்டுகளில் ஒரு கோடியே பதினெட்டு லட்சம் வருமானத்தை மறைத்து, வேண்டுமென்றே வரி ஏய்த்தான். வாசித்தார்கள். என்னைப் பற்றித்தான் வாசிக்கிறார்கள் என்று உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பணம் என் சேமிப்புக் கணக்கில் வந்தது உண்மை. என் பணம் அல்ல. நியூ ஸ்டாருக்குப் பதிவு எண் கிடையாது, வங்கிக் கணக்கு கிடையாது. வியாசர்பாடியில் ஒரு மைதானம் உண்டு, அதுவும் மாநகராட்சியுடையது. மஞ்சேரியிலும் நாகர்கோவிலிலும் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டி நடத்துகிறவர்கள் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி என் கணக்கில் போடுவார்கள். மறுநாள் எடுத்துப் பையன்களுக்குப் பிரித்துக் கொடுப்பேன். ஏழு ஆண்டுகளாக இப்படித்தான். கடைசி நான்கு ஆண்டுகளை எடுத்துக்கொண்டார்கள்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. சுவரோரம் கண்ணயர்ந்திருந்த காவலர் விழித்துப் பார்த்தார்.

ஜனவரி 9, வியாழன்

கல்லூரியில் துறைத் தலைவர் கூப்பிட்டார். வழக்கு முடியும் வரை வகுப்புக்கு வர வேண்டாமாம். நான் கௌரவ விரிவுரையாளர். மணிக்கணக்கில் சம்பளம், மாதக்கணக்கில் தாமதம். நீக்குவதற்குக் கடிதம்கூடத் தேவையில்லை.

மௌரியர் கால வரிவிதிப்பில் பாதியில் நிற்கிறேன். ஆறில் ஒரு பங்கு வரை வந்திருந்தோம். கடைசி வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "சார், அந்தக் காலத்துல கட்டாதவங்களை என்ன பண்ணாங்க?" என்று கேட்டாள். வகுப்பு முழுக்க மேசைக்குக் கீழே சிரித்தது. பாடத்திட்டத்தில் இல்லை என்றேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கல்யாணம் ஆனவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் ஆட்டம். ஐந்துக்கு ஒன்று, தோற்றோம். நான் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினேன். முட்டி போனபிறகு எனக்கு அவ்வளவுதான் ஆட்டம்.

ஜனவரி 21, செவ்வாய்

அரசுத் தரப்பு முதல் சாட்சி, வரித்துறை ஆய்வாளர். நாகேந்திரன் என்று பெயர். ஒல்லியான மனிதர். நடுநடுவே இருமல். கையில் என்னுடைய நீல அட்டை நோட்டு. அதற்கு இப்போது சான்றாவணம் ஏழு என்று பெயர்.

அதை அவர்கள் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. விசாரணைக்கு அழைத்த அன்று நானே எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் வைத்தேன். ஆட்டம், தேதி, பெயர், தொகை, கொடுத்ததற்கு ஒரு டிக். இருபத்து மூன்று பெயர்கள். எந்த அணி மேலாளரிடம் இப்படி ஒரு நோட்டு இருக்கிறது? அவ்வளவு திமிர் எனக்கு.

நாகேந்திரன் சொன்னார்: அந்தப் பெயர்களை எழுதிக்கொண்டு தெருத் தெருவாக விசாரித்தேன். எத்திராஜ் இறந்து பதினோரு வருடம். காசிம், கொரோனாவில். வேணுகோபால் உயிரோடு இருக்கிறார், வயது எழுபத்தொன்று, பக்கவாதம். சூசைமாணிக்கம் என்பவர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து இறந்தவர், பந்தைத் தொட்டதே இல்லை என்றார்கள். கேட்ட எல்லோரும் மரியாதையாகவே பதில் சொன்னார்கள், ஓர் அம்மா மோர்கூடக் கொடுத்தார்.

அரசு வக்கீல் நீதிபதியைப் பார்த்து, "அதாவது எதிரி செத்தவங்களைக் கூட்டிட்டுப் போய் மஞ்சேரியில் கால்பந்து ஆடியிருக்கிறார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை நிறுத்தவும் இல்லை.

நான் சிரிக்காமல் நின்றேன். காரணம் அவர்களுக்குத் தெரியாது. இங்கே எழுதுகிறேன்.

அரசு வேலையில் இருக்கிற ஆட்டக்காரன் கூலிக்குச் செவன்ஸ் ஆடக் கூடாது. கால்பந்துச் சங்கத்தில் பதிந்தவனும் ஆடக் கூடாது. எல்லோரும் ஆடுவார்கள், வேறு பெயரில். எங்கள் பக்கம் அப்பா பெயரில் ஆடுவது வழக்கம். யார் தொடங்கியது என்று தெரியாது, எனக்கு முன்பே உண்டு. அறிவிப்பாளர் மைக்கில் "எத்திராஜ்" என்று இழுப்பார், மூங்கில் சாரத்தில் உட்கார்ந்திருக்கிற எட்டாயிரம் பேர் திருப்பிக் கத்துவார்கள். எத்திராஜ் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். உயிரோடு இருந்தபோது அவர் பெயரை வாசலில் நின்று கத்தியவன் வட்டிக்காரன் மட்டுமே.

நோட்டிலும் அதே பெயர்களை எழுதினேன். பையன்களின் வேலைக்கு ஆபத்து வரக் கூடாதே என்றுதான்.

ஜனவரி 22, புதன்

தம்பு செட்டித் தெருவில் மேடத்தின் அறை. மின்விசிறி சுற்றும்போது காகிதங்கள் எழுந்து எழுந்து உட்காருகின்றன. அப்பா பெயர் விஷயத்தை இன்றுதான் முழுதாகச் சொன்னேன். பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

இரண்டு வழி என்றார். ஒன்று, மொத்தமும் என் வருமானம் என்று ஒப்புக்கொண்டு, வரியும் அதற்கு மேல் துறை கேட்கிற தொகையும் கட்டி, வழக்கையே முடித்துக்கொள்வது. இரண்டு, மகன்களைக் கூண்டில் ஏற்றுவது.

இரண்டும் இல்லை என்றேன்.

"மூணாவதுக்குப் பேரு ஜெயில்."

பரவாயில்லை என்றேன். சொல்ல நன்றாக இருந்தது. மாடிப்படி இறங்கும் வரை நன்றாக இருந்தது.

ஜனவரி 30, வியாழன்

எழில் வந்தான். அலுவலகத்திலிருந்து நேராக. கழுத்தில் அடையாள அட்டை. எங்கள் தடுப்பாட்டத்தின் நடுத்தூண், எத்திராஜின் மகன், இருபத்தாறு வயது. மூன்று வருடம் முன்னால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைத்தது. அந்த வீட்டில் மாதம் முதல் தேதி சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். இரண்டு தங்கைகள் படிக்கிறார்கள்.

என் மனைவி பெனிட்டா டீ போட்டாள். உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னான்.

"தயாண்ணா, நான் வந்து சொல்ட்றேன். எத்திராஜி எங்கப்பா, ஆடுனது நான், துட்டு வாங்குனதும் நான்னு."

"வேலை போயிடும்."

"போனா போவுது. பந்து கீதுல்ல."

"பந்து இன்னும் அஞ்சு வருஷம்டா. வேலை முப்பது வருஷம்."

"அண்ணா, எங்க துட்டுல ஒரு டீ குடிச்சிருப்பியா நீ? சொந்தக் காசுல பஸ் ஏறி வந்த ஆளு. உன்ன உள்ள போட்டுட்டு நாங்க வெளில சோறு துன்ன முடியுமா?"

டீ ஆறுகிறது என்றேன்.

பெனிட்டா சமையலறை வாசலில் நின்று என்னைப் பெருமையாகப் பார்த்தாள். பதினைந்து வருடமாகத் தெரிந்தவள், கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் கீழே படித்தவள். அந்தப் பார்வை அபூர்வம். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எழிலுக்கு என் பதில்: கூடாது. இனிமேல் இதைப் பேசினால் ஞாயிற்றுக்கிழமை வெளியே உட்கார வைப்பேன். சிரிக்காமல் போனான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

லீக் ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று. எழிலுக்கு மஞ்சள் அட்டை. நடுவரிடம் வாதாடினேன். மைதானத்தில் வாதாட எனக்கு வக்கீல் வேண்டாம்.

கம்பிக்கு அப்பால் இரண்டு பேர் என்னைக் கைபேசியில் படம் எடுத்தார்கள். நன்றாக நிமிர்ந்து நின்றேன்.

பிப்ரவரி 6, வியாழன்

சான்றாவணங்களின் நகல் கட்டு வீட்டுக்கு வந்திருந்தது. நான் மைதானத்துக்கு எலுமிச்சையும் குளுக்கோஸும் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பெனிட்டா தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். ஆய்வகத்தில் வேலை செய்கிறவள். எதையும் வரி விடாமல் படிப்பாள், ரத்த அறிக்கை படிக்கிற மாதிரி.

"காசிம் யாரு?"

"இம்தியாஸோட அப்பா."

"வேணுகோபால்?"

"கோல்கீப்பர் பிரபுவோட அப்பா."

இப்படியே ஒவ்வொரு பெயராகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். அவளுக்குக் கதை பிடித்திருந்தது. நடுவில் ஒருமுறை சிரித்தாள். பிறகு தாளைத் திருப்பினாள்.

"சூசைமாணிக்கம்."

எலுமிச்சையைக் கழுவப் போனேன்.

"தயா. எங்கப்பா பேரு இது."

வேறு ஆளாக இருக்கலாம் என்றேன். சூசைமாணிக்கம் என்று ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள் என்றேன். தலைவலிக்கிறது என்றேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

எலுமிச்சை முப்பது. குளுக்கோஸ் நான்கு பொட்டலம். பந்துக்குக் காற்றடிக்கிற ஊசி இரண்டு.

பிப்ரவரி 8, சனி

சூசைமாணிக்கத்துக்குக் கால்பந்து பிடிக்காது. கால்பந்து ஆடுகிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று இரண்டு வருடம் நின்றார். பிறகு என் முட்டி போனது. ஆடுவதை நிறுத்திவிட்டேன் என்று போய்ச் சொன்னேன். நிறுத்தினாயா, நின்றுபோனதா என்று கேட்டார். கூர்மையான மனிதர்.

அவருக்கு மகன் கிடையாது. ஒரே மகள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பெனிட்டா பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்துப் படுக்கைமேல் வைத்திருந்தாள். கொடுங்கையூர் ஃபிளாட். மூன்றாம் மாடி, ஒரு படுக்கையறை. மூன்று வருடம் முன்பு முன்பணமாகப் பதினொரு லட்சம் கொடுத்தோம். கல்லூரி நிலுவைத் தொகையும் நண்பன் கொடுத்ததும் என்று அப்போது சொல்லியிருந்தேன்.

"எந்த நண்பன்?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. பத்திரத்தை அதே இடத்தில் வைத்துப் பூட்டினாள். சாவியை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பிப்ரவரி 12, புதன்

ஒருவன். இருபத்தேழு வயதில் முட்டி போனவன். எம்.ஏ. வைத்துக்கொண்டு மணிக்கு இவ்வளவு என்று கற்பிக்கிறவன். மாலை முழுக்க, ஞாயிறு முழுக்க மைதானம். பையன்களுக்கு ஆட்டம் பிடிப்பது, வண்டி பிடிப்பது, கால் உடைந்தால் ஆஸ்பத்திரி, காவல் நிலையத்தில் பிடித்தால் ஜாமீன். மற்ற அணிகளில் மேலாளர் ஒரு ஆட்டக்காரனின் பங்கை எடுத்துக்கொள்வார். எல்லோருக்கும் தெரிந்தே எடுப்பார். இவன் மட்டும் முதல் கூட்டத்திலேயே எழுந்து நின்று, எனக்கு ஒரு பைசா வேண்டாம் என்று அறிவித்துவிட்டான். கை தட்டினார்கள். அந்தக் கைத்தட்டல் அவனுக்குப் பிடித்திருந்தது.

மூன்று வருடம் கழித்துப் பணம் தேவைப்பட்டது. கை தட்டியவர்களிடம் திரும்பிப் போய் எப்படிக் கேட்பது?

நோட்டில் ஒரு பெயர் கூடியது.

இதற்கு மேல் ஒருவனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுதியதைக் கிழிக்கப் போவதும் இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

மேடம் என்னிடம் கேட்காமல் எழிலுடன் பேசியிருக்கிறார். அவன் வருகிறான். மார்ச் மூன்றாம் தேதி நீதிபதி என்னை நேரடியாகக் கேள்வி கேட்பார், அது முடிந்ததும் எங்கள் தரப்பு சாட்சியாக எழில்.

கத்தினேன். அவர் மோதிர விரலால் மேசையைத் தட்டியபடி காத்திருந்தார்.

"முடிஞ்சுதா? அவன் மேஜர். சம்மன் இல்லாமலே வர்றேன்கிறான். ஒருத்தன் வந்து எத்திராஜ் எங்கப்பான்னு சொன்னா போதும், செத்தவங்க கதை அங்கயே உடையும். ஆனா குறுக்கு விசாரணையில மத்த இருபத்திரண்டையும் ஒவ்வொண்ணா கேப்பாங்க. இவர் மகன் யாரு, அவர் மகன் யாருன்னு. எல்லாப் பேருக்கும் ஒரு மகன் இருக்கணும் தயாளன். இருக்காங்கல்ல?"

"இருக்காங்க."

"நல்லது."

குறித்துக்கொண்டார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மூன்றுக்கு பூஜ்யம். வென்றோம். எழில் ஒரு கோல். அடித்ததும் ஓடி வந்து என்னைத் தூக்கினான். இறக்கி விடுடா என்றேன். விடவில்லை. மைதானம் முழுக்கப் பார்த்தது.

பிப்ரவரி 27, வியாழன்

இருபது நாளில் பெனிட்டா என்னிடம் பேசியவை: சாப்பாடு, கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன். இன்று துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"எழில் சாட்சி சொல்ல வர்றானாமே. அவங்கம்மா எங்க லேபுக்குச் சுகர் பாக்க வந்தாங்க. புள்ள எடுத்த முடிவு, நாங்க தடுக்கலம்மான்னு சொல்லிட்டு என் கையப் புடிச்சுக்கிட்டாங்க."

"நான் வேணாம்னுதான் சொன்னேன்."

"சொன்ன. எது சொன்னா அவன் வர மாட்டானோ, அத மட்டும் சொல்லல."

ஒரு சட்டையை மடித்து, பிடிக்காமல் உதறி, மறுபடி மடித்தாள்.

"எங்கப்பா பேருக்குப் பின்னால நீ ஒளிஞ்சுக்கிற. உனக்கு முன்னால அவன் வந்து நிக்கிறான். வேலைய விட்டுட்டு. நல்லா இருக்குல்ல?"

என்னைக் குற்றம் சாட்டுகிறவர்கள் வரிசையில் வீட்டிலும் ஒருத்தி என்று சொன்னேன். சட்டையை என்மேல் எறிந்தாள். முதல் முறையாக ஒரு சண்டை போல இருந்தது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

மார்ச் 1, சனி

நான் ஏன் இதை மறைக்கிறேன் என்று யோசித்தேன். சிறைக்குப் பயந்து அல்ல. மொத்தத் தொகைக்கே சிறைக்குப் போகத் தயார் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், போகவும் செய்வேன். அந்தச் சிறை எனக்குப் பிடித்திருந்தது. பையன்களைக் காட்டிக்கொடுக்காமல் உள்ளே போனவன் என்ற பெயரோடு போகிற சிறை.

மார்ச் 2, ஞாயிறு

ஆட்டம் இல்லை. முடி வெட்டிக்கொண்டேன்.

மார்ச் 3, திங்கள்

நடந்ததை நடந்த வரிசையில்.

பத்தரை மணிக்கு நடைபாதையில் எழில். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தான், பட்டை மட்டும் வெளியே தொங்கியது. பக்கத்தில் துணைக்கு இம்தியாஸ், எங்கள் முன்கள ஆட்டக்காரன். பிரியாணிக் கடையை மூடிவிட்டு வந்திருந்தான். சாட்சியாகப் போகிறவன் உள்ளே உட்காரக் கூடாது, வெளியே இருக்கச் சொன்னார்கள்.

பதினொன்றே காலுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நீதிபதி காகிதத்தைப் பார்த்து வரிசையாகக் கேட்டார். வங்கிக் கணக்கு உங்களுடையதா? ஆம். பணம் வந்ததா? ஆம். கணக்குத் தாக்கல் செய்தீர்களா? இல்லை. சான்றாவணம் ஏழு உங்கள் கையெழுத்தில் உள்ளதா? ஆம்.

"இதில் உள்ள இருபத்து மூன்று பெயர்களும் கற்பனை, அந்தப் பணம் முழுவதும் உங்களுடையதே என்று அரசுத் தரப்பு சாட்சி கூறுகிறார். என்ன சொல்கிறீர்கள்?"

மேடத்தோடு பழகி வைத்த பதில் ஒன்று இருந்தது. பொய், என் தரப்பில் சாட்சி உண்டு. ஐந்து சொற்கள். வாயைத் திறந்தபோது கதவுக்கு அப்பால் எழில் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. ஆட்டத்துக்குள் மாற்று ஆளாக இறங்கப் போகிறவன் கோட்டோரம் நிற்பானே, அப்படி நின்றான்.

"இருபத்திரண்டு பேர் ஆடினாங்க ஐயா. வாங்கிட்டாங்க. பேரைச் சொல்ல மாட்டேன். சூசைமாணிக்கம்னு இருக்கிறது நான். என் மாமனார் பேரு. அந்தப் பணம் நான் எடுத்தது."

தட்டச்சு நின்றது. மேடம் எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். அரசு வக்கீல் வேகமாகத் தாள்களைப் புரட்டினார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "மற்றவர்கள் யார் என்று நிரூபிக்காவிட்டால் முழுத் தொகையும் உங்கள் வருமானமாகவே கருதப்படும். தெரிந்து சொல்கிறீர்களா?"

"தெரியும்."

"உங்கள் தரப்பில் சாட்சி இருக்கிறதா?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் நீதிபதியைப் பார்த்தே சொன்னேன்.

"இல்லை."

வெளியே வந்தேன். இம்தியாஸ் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான். எழிலுக்கு அவனே சொன்னான், ஒரு வாக்கியத்தில். எழில் பட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு படியிறங்கினான். நன்றி சொல்வான் என்று நான் எதிர்பார்த்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

மாலை. பெனிட்டா கதவைத் திறந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்னன்னு?"

"சூசைமாணிக்கம் நான்தான்னு."

சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர. "அவர் கேட்டிருந்தா செருப்பாலயே அடிச்சிருப்பாரு" என்றாள். அப்புறம் பீரோ சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஃபிளாட்டை விற்றுவிடலாம் என்றாள். இது ஆலோசனை அல்ல என்றும் சொன்னாள்.

மார்ச் 4, செவ்வாய்

மைதானத்துக்குப் போனேன். போகாமல் இருக்க மாட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும். பதினாறு பேர் இருந்தார்கள். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தவில்லை. இடைவேளை வரை காத்திருந்து, நடுவில் போய் நின்று, எவ்வளவு எடுத்தேன், எப்போதிலிருந்து, எதற்கு என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். அதைத் தாங்க முடியாது.

எழில் பூட்ஸ் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். இம்தியாஸ்தான் பேசினான்.

"கேட்டிருந்தா குடுத்திருப்போமேண்ணா."

"தெரியும்."

"தெரிஞ்சும் கேக்கல. ஏன்னா கேட்டா நீ எங்களாட்டம் ஆயிடுவ. கூலி வாங்குறவனாயிடுவ. அதான?"

ஏழு ஆண்டுகளில் யாரும் என்னை இவ்வளவு சரியாகப் படித்ததில்லை. பிரியாணிக் கடை வைத்திருக்கிறான். பத்தாவது வரை படித்தவன்.

பயிற்சியைத் தொடர்ந்தார்கள். வேறு யாரோ விசில் ஊதினார்கள். கோட்டுக்கு வெளியே கடைசி வரை நின்றேன். போ என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

லீக் ஆட்டம். டிக்கெட் இல்லாத மைதானம், அதனால் யாரும் தடுக்க முடியாது. சிமெண்ட் படியில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டுக்கு ஒன்று தோல்வி. இடது பக்கம் திறந்து கிடந்தது. கத்திவிட்டேன். எழில் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் இடது பக்கம் நகர்ந்தான்.

மார்ச் 13, வியாழன்

ஃபிளாட்டுக்கு ஆள் வந்து பார்த்தார்கள். குழாய் ஒழுகுகிறது என்று விலையைக் குறைத்தார்கள். பெனிட்டா குறைக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

தீர்ப்பு. நாற்பத்தொரு பக்கம். நீதிபதி கடைசி மூன்று பக்கங்களை மட்டும் வாசித்தார். ஓராண்டுக் கடுங்காவல், அபராதம். எதிரி தானே ஒரு பெயரின் பின்னால் மறைந்திருந்ததை ஒப்புக்கொண்ட நிலையில், மற்ற பெயர்களும் அவரே என்று முடிவு செய்வதற்குத் தடையேதும் இல்லை.

அதாவது எத்திராஜ் நான். காசிம் நான். பக்கவாதத்தில் படுத்திருக்கிற வேணுகோபால் நான்.

தண்டனையை வாசிக்கும் முன் சொல்ல எதுவும் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். இருபத்திரண்டு பேர் மஞ்சேரியில் மழையில் ஆடினார்கள், அவர்கள் இல்லை என்று எழுதாதீர்கள் என்றேன். பதிவு செய்யச் சொன்னார். தட்டச்சுக்காரர் மஞ்சேரிக்கு எழுத்துக் கேட்டார்.

மேல்முறையீட்டுக்காகத் தண்டனையை நிறுத்திவைத்தார்கள். இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும். பெனிட்டா ஒன்று. இன்னொருவருக்கு என்ன செய்வது என்று நின்றுகொண்டிருந்தபோது இம்தியாஸ் வண்டியின் பதிவுப் புத்தகத்தோடு படியேறி வந்தான். பெனிட்டா கூப்பிட்டாளாம். என்னைத் தாண்டி நேராக எழுத்தரிடம் போனான். எழுத்தர் கேட்டதை எல்லாம் சொன்னான், பெயர், தந்தை பெயர், கடை முகவரி. காசிம் என்று அவன் சொன்னபோது எழுத்தர் தலை நிமிரவே இல்லை. எழுதி, முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இம்தியாஸ் போகும்போது சொன்னான்: "எழில் வரல. வருவான்னு நெனைக்காத. கொஞ்ச நாளாவும்."

வாசலில் மேடம் வழக்குக் காகிதக் கட்டை இடுக்கிக்கொண்டு நின்றார். மூன்றாம் தேதியிலிருந்து என்மேல் இருந்த கோபம் இன்னும் போகவில்லை. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கிறது, எல்லாவற்றையும் மறுத்துப் போடலாம், அன்று சொன்னதையும் பதற்றத்தில் சொன்னது என்று விளக்கிவிடலாம் என்றார்.

"எல்லாத்தையும் வேணாம் மேடம். இருபத்திரண்டு பேருக்கு மட்டும் போடுங்க."

"புரியல."

"ஒண்ணுக்குத் தண்டனை சரி. அத ஏத்துக்கிறேன். மிச்சம் இருபத்திரண்டும் நான் இல்ல. அதுக்கு மட்டும்."

"அந்த இருபத்திரண்டு பேரு யாருன்னு அப்பவும் சொல்ல மாட்டீங்க."

"மாட்டேன்."

"தோத்துடுவோம் தயாளன். மொத மாசமே தோத்துடுவோம்."

"ஆடிட்டுத் தோப்போம்."

அவர் பெனிட்டாவைப் பார்த்தார். பெனிட்டா தோளைக் குலுக்கினாள். அங்கேயே, நீதிமன்றச் சுவரில் காகிதங்களை வைத்து, மேடம் பேனாவைத் திறந்தார். முதல் பத்தியில் என்ன எழுதுவது என்று கேட்டார். சொன்னேன்.